பதின்மூன்று வயதுக்கு ஒரு வேட்டை வில்

வில் வாங்க நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை பவுண்டு?" என்றுதான், அதாவது நாணை இழுக்க எவ்வளவு விசை வேண்டும் என்று. வளர்ந்த ஆண்கள் கேட்டால் அதில் கொஞ்சம் வீம்பு இருக்கும். பிள்ளையைப் பெற்றவர்கள் கேட்டால் கவலை இருக்கும். என் அக்காள் மகள் யாழினிக்கு மான் வேட்டைக்கான வில் ஒன்றை அமைத்துத் தரும் வேலை என்னிடம் வந்தபோது அத்தானும் அதையே கேட்டார். கடைசியில் விடை 38 பவுண்டு என்று வந்தது. அந்த எண்ணைத் தேடிக்கொண்டு நான் புறப்படவில்லை. அவளுடைய கையும் கண்ணும், அவள் உட்காரப்போகும் முக்காலியும், அக்டோபர் மாதத்துக் குளிர்ச் சட்டையும் சேர்ந்து அந்த எண்ணைக் கொடுத்தன. அது சிறிய எண்தான். அதை ஈடுகட்ட அம்பின் எடையையும் முனையையும் எய்யும் தூரத்தையும் பார்த்துப் பார்த்து அமைத்தேன். பெரும்பாலான உழைப்பு அங்கேதான் போனது.

நாங்கள் இருப்பது அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், பாரபூ ஊருக்குப் பக்கத்தில், சாக் கவுன்ட்டி. வில் வேட்டைக்காரர்கள் கொஞ்சம் பெருமை பேசிக்கொள்ளும் மண் இது. மாநிலத்தில் வில்லுக்கென்றே தனியாக ஒரு மான் வேட்டைப் பருவம் 1934இல் முதலில் அறிவிக்கப்பட்டது இங்கேயும் அடுத்துள்ள கொலம்பியா கவுன்ட்டியிலும்தான். சூழலியல் சிந்தனையாளர் ஆல்டோ லியோபோல்டின் மரக்குடிலும் இங்கேதான் ஆற்றங்கரையோரம் நிற்கிறது. தம் விற்களைத் தாமே செதுக்கிக்கொண்டவர் அவர். அவர் மனைவி எஸ்டெல்லா மாநில மகளிர் வில் போட்டிகளில் சாம்பியன்.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். அதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. இங்கே நிலைமை வேறு. மான்கள் பெருகிச் சோளக்காட்டையும் ஓக் கன்றுகளையும் மேய்ந்து தீர்க்கின்றன. மாநில இயற்கை வளத் துறையே உரிமம் கொடுத்து வேட்டையை நடத்துகிறது. உச்ச இழுவிசை 30 பவுண்டும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொரு வில்லின் மீதும் 11 சதவீத மத்திய வரி உண்டு. அந்தப் பணம் வன உயிரினப் பணிகளுக்காக மாநிலங்களுக்குத் திரும்பி வருகிறது.

அதே 30 பவுண்டுதான் சட்டத்தின் தரைமட்டமும். விஸ்கான்சினில் மானை எய்யும் வில் குறைந்தது 30 பவுண்டு இழுவிசை கொண்டதாக இருக்க வேண்டும். அம்புமுனையின் வெட்டும் அகலம் ஓர் அங்குலத்தில் எட்டில் ஏழு பங்குக்குக் குறையக்கூடாது. 1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். யாழினி அதை முடித்திருந்தாள். ஆனாலும் 12, 13 வயதில் பெற்றோரோ, அவர்கள் ஒப்புதல் கொடுத்த பெரியவர் ஒருவரோ கூடவே இருக்க வேண்டும். அந்தப் பெரியவர் நான்.

"துப்பாக்கி இல்லையே, அதுவரைக்கும் நிம்மதி" என்றாள் அக்காள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சவரக்கத்தி போல் தீட்டிய அம்புமுனையை அவள் இன்னும் பார்த்திருக்கவில்லை.

குறுக்குவில் ஆகாதா என்று அத்தான் கேட்டார். ஆகும். 2014 முதல் இங்கே எல்லா வயதினருக்கும் அதற்குத் தனி உரிமம் உண்டு, தோளில் சாய்த்துக் குறி பார்க்கலாம், கை நடுங்காது. கைவலு இல்லாத பிள்ளைக்கு நான் அதையே சொல்வேன், அதில் எந்தக் கேவலமும் இல்லை. யாழினியின் நிலை வேறு. அவள் பள்ளியில் வில் பயிற்சித் திட்டத்தில் இருப்பவள். 2002இல் கென்டக்கியில் தொடங்கி நாடெங்கும் பரவிய திட்டம் அது. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வகை வில்தான்: ஜெனிசிஸ். இதே மாநிலத்து ஸ்பார்ட்டா ஊரிலிருக்கும் மேத்யூஸ் நிறுவனத்தின் மேட் மெக்ஃபர்சன் வடிவமைத்தது. 10 முதல் 20 பவுண்டு வரை. யார் கைநீளத்துக்கும் பொருந்தும். ஏற்கனவே அம்பு விடத் தெரிந்த பிள்ளையிடமிருந்து அந்தப் பழக்கத்தைப் பிடுங்கிக் குறுக்குவில்லைக் கொடுப்பானேன்?

ஜெனிசிஸைப் பற்றி இன்னும் ஒன்று. சக்கரங்கள் பூட்டிய காம்பவுண்ட் வில்லில், கேம் எனப்படும் அந்தச் சக்கரம் ஒரு கட்டத்தைத் தாண்டியதும் பாரம் சட்டென்று இறங்கிவிடும். மிசூரிக்காரரான ஹாலஸ் வில்பர் ஆலன் 1969இல் காப்புரிமை பெற்ற இந்த வகை வில்லின் உயிரே அந்த இறக்கம்தான். ஜெனிசிஸில் அது கிடையாது. 20 பவுண்டு என்றால் கடைசி வரை 20 பவுண்டையும் கை தாங்கி நிற்க வேண்டும். வேட்டைக்கான வில்லோ, 38 பவுண்டு உச்சத்தைத் தாண்டியதும் முக்கால் பங்கு பாரத்தைக் கழற்றிவிடும். கையில் நிற்பது பத்து பவுண்டுக்கும் குறைவு. ஆக, பிடித்து நிற்கும் வலு யாழினிக்கு ஏற்கனவே உபரியாகவே இருந்தது. நடுவில் வரும் அந்த உச்சத்தைத் தாண்டுவதுதான் அவளுக்குப் புதிது. எதைப் பழக்க வேண்டும் என்பது இதனால் தெளிவாகிவிட்டது.

சக்கரம் இல்லாமல் நுனிகள் முன்னால் வளைந்த ரிகர்வ் வில் பார்க்க அழகு. ஆனால் அதன் மேல் எழுதியிருக்கும் பவுண்டு 28 அங்குல இழுநீளத்துக்கு அளந்தது. இழுப்பு ஓர் அங்குலம் குறைந்தால் இரண்டு பவுண்டு போலக் குறையும். 40 என்று எழுதிய வில் அவள் கையில் சட்டத்தின் தரைமட்டத்தை ஒட்டித்தான் நிற்கும். அதையும் முழுப் பாரமாகத் தாங்க வேண்டும். ஆகவே அதை எடுக்கவில்லை.

அளவெடுக்கும் வேலையைக் கண்ணிலிருந்து தொடங்கினேன். இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே ஒரு சிறு முக்கோணம் வைத்து, தூரத்துக் கதவின் குமிழை அதற்குள் கொண்டுவரச் சொன்னேன். வலக்கண்ணை மூடினாலும் குமிழ் அங்கேயே இருந்தது. இடக்கண்ணை மூடியதும் ஓடிப்போனது. முதன்மைக் கண் இடது. ஆனால் அவள் வலக்கைக்காரி. பள்ளியில் வலப்பக்கமாகவே, இடக்கண்ணை மூடிக்கொண்டு எய்து பழகியிருந்தாள். பகல் வெளிச்சத்தில் அது போதும். மான் நடமாடுவது அந்தி மங்கலில். பீப் எனப்படும் நாண் துளையின் வழியே பார்க்கும்போது ஒற்றைக்கண்ணுக்குக் கிடைக்கும் வெளிச்சம் குறைவு. இரண்டு கண்ணையும் திறந்து வைத்திருப்பவருக்கு மான் தெளிவாகத் தெரியும். எனவே இடக்கை வில் என்று முடிவெடுத்தேன்.

"எல்லாத்தையும் திரும்ப முதலிலிருந்து கத்துக்கணுமா மாமா?" என்று முகத்தைத் தொங்கப்போட்டாள். கற்றுக்கொள்ள வேண்டியதுதான். வசந்த காலத்தில் மாற்றினால் இலையுதிர் காலத்துக்குள் கை படிந்துவிடும். செப்டம்பரில் மாற்றினால் படியாது. இதில் ஒரு லாபமும் உண்டு. இடக்கை வில்லில் வில்லைத் தாங்குவது வலக்கை, அதாவது அவளுடைய வலுவான கை.

இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, நடுவிரல் நுனியிலிருந்து நுனிவரை அளந்தால் 59 அங்குலம். இரண்டரையால் வகுத்தால் 23.6. இது தொடக்கப் புள்ளிதான், தீர்ப்பு இல்லை. 23.5 அங்குலத்தில் வைத்து இழுக்கச் சொல்லிப் பக்கவாட்டிலிருந்து பார்த்தேன். இழுத்த கையின் முழங்கை அம்புக்கு நேர்கோட்டில் வந்தது, நாண் மூக்கு நுனியைத் தொட்டது, முதுகு பின்னால் சாயவில்லை. அந்த அளவே நிலைத்தது. இழுநீளம் அதிகமாக இருந்தால் பிள்ளை பின்னால் வளையும். நாண் முன்கையில் அறையும். குறைவாக இருந்தால் வேகம் கொஞ்சம் போகும், அவ்வளவுதான். சந்தேகம் வந்தால் குறைத்து வைப்பதே நல்லது.

வளரும் பிள்ளை என்று பள்ளிச் சீருடையை ஒரு சாண் பெரிதாகத் தைப்பது நம் வீட்டு வழக்கம். வில்லில் அந்த வழக்கம் வேண்டாம். அதற்காக ஆண்டுதோறும் புது வில் வாங்க வேண்டியதும் இல்லை. பேர் (Bear) என்ற நிறுவனத்தின் குரூசர் ஜி2 என்ற வில் 5 முதல் 70 பவுண்டு வரையிலும், 12 முதல் 30 அங்குல இழுப்பு வரையிலும் அலன் கீயாலேயே மாற்றக்கூடியது. வில்லை அழுத்திப் பிடிக்கும் பிரஸ் தேவையில்லை. டயமண்ட் இன்ஃபினிட் எட்ஜ் புரோவும் அதே இனம்தான். எடை இரண்டுக்கும் மூன்று பவுண்டு அளவில். விளம்பரத்தில் 70 என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். இழுநீளத்தைச் சுருக்கினால் உச்ச பவுண்டும் கூடவே இறங்கும். ஒரு குழந்தையிடம் அந்த வில் ஒருபோதும் 70ஐக் காட்டாது, காட்டவும் வேண்டியதில்லை.

இடக்கைக்கான பழைய வில் எளிதில் கிடைப்பதில்லை. அலைந்து திரிந்து ஒரு குரூசரைப் பிடித்தேன். பழைய வில் வாங்குகிறவர்கள் ஒரு பஞ்சுருண்டையைப் பையில் வைத்திருக்க வேண்டும். லிம்ப் எனப்படும் வளையும் தட்டைகளின் விளிம்பு நெடுக அதைத் தேய்த்துக்கொண்டே போனால், எங்கே இழை சிக்குகிறதோ அங்கே விரிசல் தொடங்கியிருக்கலாம். சிக்கினால் பணத்தைத் திருப்பிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவது நல்லது. இந்த வில்லில் பஞ்சு சிக்கவில்லை. நாண்தான் முடி முளைத்தது போல் இழைவிட்டிருந்தது. நடுவில் சுற்றிய நூலும் விலகியிருந்தது. நாணையும் கேபிளையும் மொத்தமாக மாற்றினேன். ஒரு பிள்ளையின் முகத்துக்குப் பக்கத்தில் நிற்கப்போகும் நாண் அது. அங்கே மிச்சம் பிடிக்கக்கூடாது.

பிறகு வில்லின் மேல் என்னென்ன வேண்டாம் என்று முடிவுசெய்தேன். அதைத்தான் யாரும் செய்வதில்லை. தொகுப்பாக விற்கும் விற்களில் ஐந்து பின் (குறிமுள்) கொண்ட சைட் எனப்படும் குறிபார்ப்பான், ஆட்டத்தைக் குறைக்கும் நீளமான ஸ்டெபிலைசர் தண்டு, வில்லோடு ஒட்டிய அம்பறாத்தூணி என்று எல்லாமே தொங்கும். நீட்டிய கையின் நுனியில் ஒவ்வொரு அவுன்ஸும் பாரம். தூணியைக் கழற்றினேன், மறைவுக் கூடாரத்தில் அம்புகளைத் தரையில் ஊன்றிய தாங்கியில் வைத்துக்கொள்ளலாம். ஐந்து பின்னைக் கழற்றி ஒரே பின் வைத்தேன். மான் வந்து நிற்கும்போது எந்தப் பின் என்று பிள்ளை யோசிக்கக்கூடாது; ஒன்றுதான் இருக்கிறது என்றால் யோசிக்க ஒன்றுமில்லை. அம்பு இருக்கும் ரெஸ்ட், சுற்றிலும் தூரிகை முடி போல் அணைத்துப் பிடிக்கும் வகை. அம்பு கிளம்பும்போது தானே கீழே விழுந்துவிடும் ரெஸ்டுகள் துல்லியத்தில் ஒரு படி மேல் என்பார்கள். ஆனால் கை நடுங்கும் நேரத்தில் அம்பு நழுவிக் கீழே விழாமல் இருப்பது அதைவிட முக்கியம்.

ரிலீஸ் என்பது மணிக்கட்டில் கட்டி, நாணில் கட்டிய டி-லூப் என்ற சிறு கயிற்று வளையத்தைக் கவ்வி, விசையை அழுத்தியதும் நாணை விடும் சாதனம். இதற்கு வெல்குரோ பட்டை வேண்டவே வேண்டாம். காட்டில் அதைப் பிரிக்கும் சத்தத்துக்கு அரை மைலில் உள்ள மானும் காது நிமிர்த்தும். கொக்கி போட்ட தோல் பட்டைதான் சரி. அதே துளையில் ஒவ்வொரு முறையும் கட்டலாம். விசை ஆள்காட்டி விரலின் முதல் மூட்டுக்கு வரும்படி தண்டின் நீளத்தைக் குறைத்தேன். விரல் நுனியில் விசை பட்டால் பிள்ளைகள் அதைக் குத்துவார்கள், அம்பு விலகும்.

இப்போது பவுண்டு. 29இல் தொடங்கினேன். அது சட்டத்துக்குக் கீழே என்பதால், அந்த வில்லோடு காட்டுக்குப் போகும் பேச்சே எழாது, பயிற்சி மட்டும். சோதனை எளிது. முக்காலியில் உட்கார்ந்து, கால்களைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கி, வில்லைக் குறிக்கு நேராக நீட்டி, வானத்தை நோக்கி உயர்த்தாமல் நேராக இழுக்க வேண்டும். இழுத்து அரை நிமிடம் நிற்க வேண்டும். பிறகு எய்யாமல் மெல்ல இறக்க வேண்டும். இறக்குவதுதான் கடினம், வலு பத்தவில்லை என்றால் வில் அவளை முன்னால் இழுத்துக்கொண்டு போகும். இந்த மூன்றையும் அலட்டிக்கொள்ளாமல் செய்தால் மட்டுமே மேல், கீழ் லிம்ப் போல்ட்டுகள் இரண்டையும் சம அளவில் அரைச் சுற்று இறுக்குவேன். ஒன்றை மட்டும் இறுக்கினால் வில்லின் சமநிலை கெட்டுவிடும். கையேட்டில் சொன்ன சுற்றுகளுக்கு மேல் தளர்த்தினால் வில் கையிலேயே கழன்றுவிடும். அம்பு இல்லாமல் நாணை விடக்கூடாது என்பதை மட்டும் அவளுக்குச் சலிக்கும்வரை சொன்னேன்.

கோடை முடிவதற்குள் தராசு 41 காட்டியது. டி-ஷர்ட்டில், நின்றபடி, அவள் அதை இழுத்தாள். உடனே, கோடையில் யாரும் வெளியே எடுக்காத குளிர்ச் சட்டையைப் போடச் சொல்லி, கையுறையும் மாட்டி, முக்காலியில் உட்காரவைத்தேன். தோள் உயர்ந்து வில் மேலே போனது. 38க்கு இறக்கினேன். சட்டையோடும் தோள் அசையாமல் வந்தது. அத்தானுக்கு அந்த மூன்று பவுண்டு போனதில் வருத்தம். நான் அம்புகளை எடுத்து மேசையில் பரப்பினேன்.

சின்ன வில்லுக்கு லேசான அம்பு, அப்போதுதான் வேகம் வரும் என்பது பரவலான நம்பிக்கை. எண்களைப் பார்ப்போம். 600 ஸ்பைன் கார்பன் தண்டு. இந்த எண் கூடக்கூட அம்பின் விறைப்பு குறையும். 25 அங்குலத்தில் வெட்டினால் தண்டு மட்டும் 172 கிரெய்ன் (அம்பை நிறுக்கும் சிறு எடை அலகு). இதோடு வழக்கமான 100 கிரெய்ன் முனை, முனையைத் திருகும் அலுமினியச் செருகு, இறகு, வாலில் நாணைக் கவ்வும் நாக் எல்லாம் சேர்ந்து 317. எங்கள் வில் கழகத்தின் வேகமானியில் இது நொடிக்கு 200 அடி. அடுத்து அதே தண்டில் 50 கிரெய்ன் பித்தளைச் செருகும் 125 கிரெய்ன் முனையும் போட்டேன், மொத்தம் 380. வேகம் 184 அடிக்கு இறங்கியது.

அம்பின் எடையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி 450240ஆல் வகுத்தால் அடி-பவுண்டில் இயக்க ஆற்றல் கிடைக்கும். லேசான அம்புக்கு 28.2, கனமானதற்கு 28.6. ஏறக்குறைய ஒன்றேதான், வில் கொடுக்கிற சக்தி அவ்வளவே. எடையை வேகத்தால் மட்டும் பெருக்கிக் கிடைக்கும் உந்தத்தைப் பார்த்தால் கனமான அம்பு பத்து சதவீதம் கூடுதல். விலா எலும்பில் பட்ட பிறகும் நிற்காமல் உள்ளே போவதற்கு உதவுவது அதுதான். வில் சத்தமும் குறைகிறது. இழப்பு என்ன? தூரம் போகப்போக அம்பு கூடுதலாகத் தாழும். 15 கஜத்துக்குள் எய்கிறவளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஈஸ்டன் நிறுவனத்தின் அட்டவணை மான் போன்ற நடுத்தர விலங்குக்கு 25 முதல் 41 அடி-பவுண்டு என்கிறது. நாங்கள் அந்தக் கட்டத்தின் கீழ்ப்பாதியில் இருந்தோம். அதை மறைக்க வேண்டியதில்லை. மற்றவற்றில் கவனமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த மற்றவற்றில் முதலாவது முனை. உடலில் பட்டதும் இறக்கை விரியும் முனைகள் கடைகளில் வரிசையாகத் தொங்கும். 65 பவுண்டு வில்லுக்கு அவை நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் விரிவதற்கே சக்தி செலவாகும், விரிந்த பிறகு அகலமாக வெட்டுவதற்கு இன்னும் செலவாகும். 28 அடி-பவுண்டில் அந்த ஊதாரித்தனம் முடியாது. நான் எடுத்தது நுனியிலிருந்தே வெட்டத் தொடங்கும், அசையாத இரட்டை அலகு முனை, ஒன்றேகால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான அகலம். கடையிலிருந்து வந்த கூர்மையை நம்பாமல் சாணைக்கல்லில் தீட்டி, இழுத்துக் கட்டிய ரப்பர் வளையத்தின் மேல் வைத்தேன். அழுத்தாமலே அறுந்தால்தான் அது அம்புமுனை. அக்காள் அப்போதுதான் பார்த்தாள். துப்பாக்கியைப் பற்றிய நிம்மதிப் பேச்சு அதோடு நின்றது. முனையை மாட்டுவதும் கழற்றுவதும் திருகியைக் கொண்டு நான் மட்டுமே. யாழினி மூடிய தூணியிலிருந்து எடுத்து நாணில் வைப்பதோடு சரி.

வில்லைச் சீர்படுத்தும் வேலையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சில அடி தூரத்தில் காகிதத்தைக் கட்டி அதன் வழியே எய்தால், கிழிசல் ஒற்றைத் துளையாக வர வேண்டும். அம்பின் வால் ஒரு பக்கம் கிழித்தால் ரெஸ்டையோ நாக் உயரத்தையோ நகர்த்த வேண்டும். அது சரியானதும், பயிற்சி முனையும் வேட்டை முனையும் ஒரே இடத்தில் படுகின்றனவா என்று பார்க்க வேண்டும். எங்களுக்கு வேட்டை முனை இடப்பக்கம் விலகியது. ரெஸ்டை வலப்பக்கம் மயிரிழை அளவு தள்ளத் தள்ள இரண்டும் சேர்ந்தன. விதி ஒன்றுதான்: வேட்டை முனை எங்கே போக வேண்டுமோ அந்தப் பக்கமாக ரெஸ்டை நகர்த்த வேண்டும். சைட்டைத் தொடக்கூடாது. வில்லின் நடுத்தட்டில் அம்பு இடிக்கும் இடத்தில் மெத்தென்ற துணி நாடா ஒட்டினேன். "டிக்" என்ற அந்தச் சிறு சத்தம் மானை விரட்டப் போதும்.

மரத்தின் மேல் பரண் வேண்டாம் என்று முதலிலேயே தீர்மானித்திருந்தேன். ஏறி இறங்குவதன் ஆபத்து ஒரு பக்கம். உயரத்திலிருந்து செங்குத்தாக எய்தால் அம்பு ஒரு நுரையீரலை மட்டும் துளைத்துவிட்டுப் போகலாம் என்பது இன்னொரு பக்கம். தரையில் கூடாரம் என்றால் இருவரும் அருகருகே உட்காரலாம், பிள்ளை நெளிவதும் வெளியே தெரியாது. ஆனால் கூடாரத்துக்கென்று தனிச் சிக்கல் ஒன்று உண்டு. கண் பீப் வழியே பார்க்கும் கோட்டுக்கு மூன்று அங்குலம் போலக் கீழேதான் அம்பு கிளம்புகிறது. கண்ணுக்கு ஜன்னல் திறந்திருப்பதாகத் தெரியும். அம்போ ஜன்னலின் கீழ் விளிம்பில் அடிக்கும். வீட்டுக் கொல்லையில் கூடாரத்தைப் போட்டு, முக்காலியின் உயரத்தையும் ஜன்னலின் உயரத்தையும் அவளுக்கு ஏற்ப மாற்றி, வில்லின் கீழ்ச் சக்கரம் தொடையிலோ முக்காலியிலோ இடிக்காமல் இருக்கிறதா என்று பார்த்தோம். ஆகஸ்ட் முதல் நின்றபடி எய்வதையே நிறுத்திவிட்டேன்.

தூரத்தை எப்படி முடிவுசெய்தேன்? ஆறு அங்குலக் காகிதத் தட்டு. மானின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த பரப்பு எட்டு அங்குலத்துக்குக் குறையாது. பதற்றத்துக்காக இரண்டு அங்குலம் கழித்துக்கொண்டேன். அன்றைய நாளின் முதல் அம்பு மட்டுமே கணக்கு; கை சூடான பிறகு விடுகிற நல்ல அம்புகளுக்கு மதிப்பெண் இல்லை, ஏனென்றால் மான் முன்னால் பயிற்சி அம்பு விட முடியாது. 20 கஜத்தில் முதல் அம்பு சில நாள் தட்டுக்கு வெளியே போனது. 15இல் போகவே இல்லை. எனவே 15 கஜம். மான் பக்கவாட்டில் நிற்க வேண்டும், அல்லது சற்றே அப்பால் திரும்பியிருக்க வேண்டும். முகம் காட்டி நின்றால் இல்லை, நடந்துகொண்டிருந்தால் இல்லை.

15 கஜம் என்று வைத்துக்கொண்டால் கூடாரத்தின் இடமும் தானாகவே முடிவாகிவிடுகிறது. சாக் கவுன்ட்டியில் தீனி போட்டு மானை வரவழைப்பது தடை. ஓக் மரங்களின் கொட்டை உதிரும் இடத்துக்கும் மான்கள் படுக்கும் புதருக்கும் நடுவே அவை தேய்த்து வைத்த தடத்தைக் கண்டுபிடித்து, அதிலிருந்து 13 கஜத்தில், காற்று எங்களிடமிருந்து தடத்தை நோக்கி அடிக்காத பக்கத்தில் கூடாரத்தைப் போட்டேன். 15 கஜத்தில் இரு பக்கமும் ஒரு குச்சியை நட்டேன். குச்சிக்கு அப்பால் நிற்பது மான் இல்லை, காட்சி என்று அவளிடம் சொல்லியிருந்தேன்.

பருவம் தொடங்கிச் சில நாட்களிலேயே அது சோதனைக்கு வந்தது. கொம்புள்ள ஆண் மான் ஒன்று குச்சிக்கு ஆறேழு கஜம் அப்பால், அழகாகப் பக்கவாட்டில் நின்றது. அவள் வில்லை இழுத்திருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. மெல்ல இறக்கினாள், சத்தமில்லாமல். 41 பவுண்டில் அந்த இறக்கம் அப்படி வந்திருக்காது. அத்தானுக்கு இதைத்தான் விளக்கமாகச் சொன்னேன்.

அக்டோபர் மூன்றாம் வாரத்தில் ஒரு பெண் மான் தடத்திலேயே வந்தது. அம்பு விலாவுக்குள் போய் மறுபக்கம் வெளியேறித் தரையில் குத்தி நின்றது. அதன் மேல் இருந்த இரத்தம் பளிச்சென்ற சிவப்பில், நுரை குமிழ்களோடு இருந்தது, நுரையீரல். கருஞ்சிவப்பாக இருந்திருந்தால் கல்லீரல், மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பச்சையாக இருந்தால் குடல், அதைவிட நெடுநேரம். நாங்கள் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனோம். மான் தூரம் போயிருக்கவில்லை. யாழினி கொஞ்ச நேரம் பேசவில்லை, நானும் பேச வைக்கவில்லை.

மறுநாள் மாலை 5 மணிக்குள் இணையத்தில் பதிவுசெய்ய வேண்டும் என்பது சட்டம். அன்று இரவே செய்தோம். தலையைக் கழுத்தின் ஒரு பகுதியோடு துறையின் மாதிரிப் பெட்டியில் போட்டோம். மான்களின் மூளையைத் தின்னும் சி.டபிள்யூ.டி. நோய் 2002இல் இந்த மாநிலத்தில் கண்டறியப்பட்டது. அதன் பாதிப்பு மிகுந்த பகுதிகளில் சாக் கவுன்ட்டியும் ஒன்று. பரிசோதனை இலவசம். முடிவு வரும்வரை இறைச்சி உறைபெட்டியில் கிடந்தது. நோய் இல்லை என்று வந்த பிறகுதான் அக்காள் மிளகும் சோம்பும் வறுத்தாள்.

குளிர்காலத்தில் மறுபடி அளந்தபோது கை விரிப்பு 60 அங்குலத்தைத் தாண்டியிருந்தது. கேமில் உள்ள அளவுத்தகட்டை 24 அங்குலத்துக்குத் திருப்பினேன். அதனால் பவுண்டும் சற்று ஏறியது. அந்த ஏற்றத்தை லிம்ப் போல்ட்டில் கழித்துவிட்டேன், முக்காலிச் சோதனை முடியும்வரை 38தான். புது அம்புகளை 25க்குப் பதிலாக 26 அங்குலத்தில் வெட்டச் சொல்லியிருக்கிறேன். நீளம் கூடினால் அம்பு கூடுதலாக வளையும் என்பதால் 500 ஸ்பைன் தண்டும் ஒன்றிரண்டு வாங்கிக் காகிதத்தில் எய்து பார்க்க வேண்டும். அவளுடைய தம்பிக்கு ஒன்பது வயது. யாழினியின் வில் தனக்குத்தான் வரும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். கதவுக் குமிழை வைத்து அவன் கண்ணையும் பார்த்துவிட்டேன். வலது.